பெயர் எழுதாமல் விட்ட உதவி

முதல்வர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, கணினி ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு ஓடிவந்து இடமில்லாமல் நிற்கும் மாணவச் செல்வங்களே, மறைந்த நம் பேராசிரியரின் கணவரே, மகளே, அனைவருக்கும் கனத்த மனத்தோடு வணக்கம்.

நிரலாக்கம் கற்பித்த அந்த அம்மையாருக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் 'யாரு மேடம்'. அவருக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்? நன்றாகவே தெரியும்! எந்த நிரலைக் காட்டினாலும் முதல் கேள்வி, "யாரு உதவி பண்ணாங்க?" என்பதுதானே! யாரிடமும் கேட்கலாம், எதையும் பார்த்துக் கற்கலாம். உதவியவர் பெயரை நிரலின் மேலே குறிப்பு வரியாக எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் விதி. கல்யாண நாளுக்குத் தாம் எழுதிய கவிதைக்கும் அதே கேள்விதான் வந்தது என்று அவர் கணவர் சற்றுமுன் சொன்னார். சொல்லும்போதே அழுதார், சிரிக்கவும் செய்தார்.

அந்த விதியை மீறிய ஒருவரைப் பற்றி இன்று நான் சொல்லியாக வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, முப்பத்தொரு மாணவர்களின் நிரல்கள் ஒன்றுபோல இருப்பதாக, ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் காட்டியது. விசாரணைக் குழுவின் தலைவர் நான். முப்பத்தொரு பேருக்கும் அந்த ஆண்டுப் படிப்பு செல்லாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். குழு கூடப் பத்து நிமிடம் இருக்கும்போது மாடிப்படியில் என்னை மறித்தார் அம்மையார்.

"சார், ஒரு நிரலையாவது திறந்து படிச்சீங்களா?"

"அதான் மெஷினே சொல்லிடுச்சே மேடம்."

"குறிப்பு வரியை மெஷின் படிக்காது சார், தாண்டிப் போயிடும். நான் முப்பத்தொண்ணையும் படிச்சேன். 'இந்தப் பகுதி மேடம் போர்டுல எழுதினது'ன்னு எல்லாருமே மேல போட்டிருக்காங்க. பசங்க எதையும் ஒளிக்கல. தண்டனை கொடுத்தே ஆகணும்னா என் பேரை முதல்ல எழுதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! நேராக முதல்வரிடம் போயிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். போனாரா? இல்லை. "கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

சொன்னேன். குழு கைதட்டியது. மென்பொருளை நம்பாமல் ஒவ்வொரு நிரலையும் படித்த நேர்மையாளர் என்று ஆண்டு மலரில் என்னைப் புகழ்ந்தார்கள். பெற்றோர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் மறுத்தேனா? வாயே திறக்கவில்லை! உதவியவர் பெயரை எழுதாமல் விட்ட அந்த ஒருவன் நான்தான். அவரோ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எல்லாரிடமும் கேட்ட அந்தக் கேள்வியை என்னிடம் மட்டும் கேட்டதே இல்லை.

நண்பர்களே, நான் இருக்கும்வரை, நிரலைத் திறந்து படிக்காமல், மாணவரை எதிரே உட்காரவைத்துக் கேட்காமல், இந்தக் குழு எவரையும் தண்டிக்காது. இது உறுதி! அந்த முப்பத்தொரு பேரைக் காப்பாற்றியவன் நான் அல்ல, அம்மையார்தான். இதை அவர் காதுபடச் சொல்ல எனக்கு ஆறு ஆண்டுகள் இருந்தன.