பெயர் சொல்லாத வாக்குமூலம்

ஓடுகிறேன். சயாம் காடு. தலைக்கு மேல் விமானம். முதலில் ரீங்காரம். பிறகு விசில் சத்தம். பிறகு மண் மழை.

“ஏட்டி, பாலத்துப் பக்கம் போவாத! குழிக்குள்ள எறங்கு!”

கத்துவது என் வீட்டுக்காரர். இறங்கினோம். பதுங்குகுழி ஜப்பான் காவலர்களுக்காம். ஒருவன் தடியால் அடித்து எங்களை வெளியே விரட்டுகிறான். அவர் என்னை மூங்கில் புதருக்குள் தள்ளினார். அவர் வந்து சேரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும் கிடைத்தது.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசை. பிழைக்க மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். போர் வந்ததும் ரயில் பாதை போட ஜப்பான்காரன் சயாமுக்கு ஓட்டிப்போனான்.

சண்டை முடிந்தது. ஊர் திரும்பினேன். அடுத்த சாரல் காலம். குற்றாலம் பங்களாவில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், ஜப்பான்காரர்கள் மேல் நடக்கும் வழக்குக்குச் சாட்சி எடுக்கிறார் என்றார்கள். தனியாக நடந்து போனேன். என் வீட்டுக்காரர் சாவு அந்த வழக்கில் ஏற வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

நடந்ததைச் சொன்னேன். தென்காசி வக்கீல் குமாஸ்தா இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி எழுதினார்.

“புருசன் பேரு என்னன்னு கேக்காரு.”

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. யார் கேட்டாலும் கூட நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அன்று கூட நிற்க யாருமில்லை. கொழுந்தன்மார் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். அழுகை முட்டியது. வாய் கூசியது. சொன்னேன். கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை.

“குண்டு போட்டது யாரு பிளேனு?”

“வெள்ளக்காரங்களுதுன்னு சொன்னாக.”

அதிகாரி பேனாவை மூடினார். குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார்.

“ஜெயிச்சவுக மேல கேசு கெடையாதும்மா.”

“குழியிலருந்து அடிச்சு வெரட்டுனது ஜப்பான்காரன்லா?”

அதையும் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி தலையாட்டி மறுத்தார்.

“வெள்ளக்காரக் கைதிகள அடிச்சதப் பாத்திருந்தா சொல்லு. அதத்தான் எழுதணும்னு மேலிடத்து உத்தரவு. கூலியாளுக விசயம் இப்ப இல்லியாம்.”

செத்தவர்களிலும் மேல் கீழ் பார்க்கிற கோர்ட்டு. எழுதிய தாளைக் கிழித்து மேசைக்கடியில் போட்டார்கள். என் கண் முன்னாலேயே.

திரும்புகிறேன். சாரல் அடிக்கிறது. அருவி இரைகிறது. விமானம் என்று நினைத்துப் பாதையோரம் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கப்பல் ஏறியது ஐந்து பேர். கொழுந்தன்மார் இரண்டு பேர், காலரா. மகள் செல்லம்மாள், அதே காலரா. அவர், குண்டு. மிச்சம் நான்.

அந்தத் தாளில் இருந்த பெயரை இன்னொரு தடவை சொல்கிறேன். கூச்சம் இன்னும் போகவில்லை. நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள்.

மாடசாமி.