எனக்கும் ஊதுங்க

நெருங்கி உட்காருங்கள். இது என் தோழியின் சித்தப்பாவுக்கு நடந்தது.

இரவு ஒரு மணி... ஊருக்கு வெளியே ஆளில்லாத சாலை. சித்தப்பா போக்குவரத்துக் காவலர். வண்டிகளை நிறுத்தி, குடித்திருக்கிறார்களா என்று கருவியில் ஊதச் சொல்வது அவர் வேலை. சோடா குடித்தால்கூட ஏப்பத்துக்கு வெட்கப்படுகிற மனிதர். மதுவைத் தொட்டதே இல்லை.

அன்று தடுப்பில் வந்து நின்றது சித்தியின் தம்பியுடைய கார். கண்ணாடி இறங்கியதும் குப்பென்று வாடை.

"அத்தான், மாட்டுனா வேலை போயிடும். அக்கா முகத்துக்காகப் பாருங்க."

வண்டி எண்ணைக் கருவியில் பதிந்தாயிற்று. இனி யாராவது ஊதியே ஆகவேண்டும். கூட இருந்த காவலர் சற்றுத் தள்ளி ஒரு லாரியைச் சோதித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு தானே ஊதினார். பூஜ்யம்.

"மெதுவா போடா," என்றார்.

அடுத்த வளைவில் பிரேக் சத்தமே இல்லை. சைக்கிள் மணி மட்டும்... ஒரே ஒரு முறை.

வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நர்ஸ். அந்த இடத்திலேயே போய்விட்டாள். கருவியே பூஜ்யம் காட்டியிருக்கிறது, அப்புறம் என்ன? தம்பி தப்பித்தான். தம்பிக்கு ஆயுசு கெட்டி என்று சித்தி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

சில வாரம் கழித்து, அதே தடுப்பு. கூட இருந்தவர் ஜீப்பில் கண்ணயர்ந்திருந்தார்.

கிரீச்... டக். கிரீச்... டக்.

வளைந்த சக்கரத்தோடு யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஊசி போடுமுன் தடவுகிற பஞ்சின் வாசம் முன்னால் வந்தது. பிறகு வெள்ளை உடுப்பு.

கை பழக்கத்தில் கருவியை நீட்டிவிட்டது. அவள் குழாயில் வாய் வைத்தாள். கருவியில் எண் அசையவில்லை. பொறுமையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வரல சார். அவருக்கு ஊதுனீங்கல்ல... எனக்கும் ஊதுங்க."

விடிந்து பார்த்தபோது சித்தப்பா தடுப்பில் சாய்ந்து ஊதிக்கொண்டிருந்தார். கருவியை அவர் கையிலிருந்து பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பேச்சில்லை. உதடு குவிந்தே இருக்கிறது. போன வாரம் என் தோழி வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாளாம். ஊதுகிறார்... ஊதுகிறார்... ஊதுகிறார்...

மூச்சை உள்ளே இழுக்கவே இல்லையாம்.