வாளிக் கடற்குதிரையும் சார்ஜன்ட்டின் பூட்ஸும்

என் பெயர் டோல்ஃபினா விண்ட்ஃபோகல். வயது ஐம்பத்து நான்கு. தென்னாப்பிரிக்கா, நைஸ்னா நகர், ஹார்ன்லி பகுதியில் குடியிருக்கிறேன். காயல் சேற்றில் தூண்டில் இரைக்கு இறால் பிடிப்பது என் தொழில். இந்தக் காயலுக்கே உரிய கடற்குதிரையை வைத்திருந்து பிடிபட்டால் உரிமம் போய்விடும், உரிமம் போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை நீர் வற்றியிருந்தபோது இறாலைச் சேற்றிலிருந்து உறிஞ்சும் என் கைப் பம்பில் கொஞ்சம் கடற்புல் சிக்கி வந்தது. அதில் ஒரு கடற்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு விடாப்பிடியாக இருந்தது. அதை ஆழத்தில் விடுவதற்காக வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டு நடந்தேன். அப்போது சார்ஜன்ட் ஃபெலிக்ஸ் பிளாட்ஜிஸ் வழிமறித்து எட்டிப் பார்த்து, "இது வெளிக்கடல்ல கெடைக்கிற சாதாரண வகைதானே ஆன்ட்டி, விட்டுட்டுப் போங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணத் தொடச்சுட்டு நல்லாப் பாருங்க சார்ஜன்ட். தலையில கிரீடம் இருக்கா? மொழுமொழுன்னு இல்ல? மூக்கும் குட்டை. இது நம்ம காயல் குதிரை. இந்தப் பக்கத்துக் காயலுங்கள விட்டா ஒலகத்துலயே கெடையாது" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைக் கைது செய்தார்.

அதன் பிறகு நிலையத்தில் அவர் "கர்ப்பிணிப் பெண் கடற்குதிரை ஒன்று" என்று பதிவேட்டில் எழுதியதைப் பார்த்து மறுபடியும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அது ஆம்பள. வயித்துல பை இருக்கு பாருங்க. புள்ள சுமக்கிறது அவன்தான்" என்றேன். "காலையிலயே ஊத்திட்டீங்களா ஆன்ட்டி?" என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அது உடம்பை மடக்கி மடக்கிக் குஞ்சுகளை வெளியே தள்ள ஆரம்பித்தது. நாற்பத்தொன்று எண்ணினோம். சார்ஜன்ட்டின் மனைவிக்கு அப்போது நிறைமாதம். சார்ஜன்ட் வியர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு காவலர் இரக்கப்பட்டுக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "உப்பில்லாத தண்ணி அது! ஊத்தினா நாப்பத்திரெண்டு கொலை!" என்று நான் கத்தினேன். உடனே சார்ஜன்ட் எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு காயலுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். பூட்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு முழங்கால் நீரில் இறங்கி, வாளியைப் புல்லோரமாக மெல்லச் சாய்த்துக் குஞ்சுகளையும் அப்பனையும் விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆகவே சாட்சிப் பொருளை நான் காணாமல் போக்கியதாகச் சொல்லும் இரண்டாவது குற்றச்சாட்டை மறுக்கிறேன். முதல் குற்றச்சாட்டில் உள்ளபடி பெண் கடற்குதிரை எதையும் நான் வைத்திருக்கவில்லை. என் வசம் தற்போது இருப்பது சார்ஜன்ட்டின் பூட்ஸ் ஒரு ஜோடி மட்டுமே.

இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னது சொன்னபடியே இருக்கிறது. பதிவேட்டில் "பெண்" என்பதை "ஆண்" என்று திருத்திய இடத்திலும் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) டோ. விண்ட்ஃபோகல்