மூணு தடவ கூப்பிட்டாங்க

இல்லண்ணே, இன்னொரு தடவ நல்லாப் பாருங்க. எங்கயாவது பழுது இருக்கும். அந்தப் பொட்டிக்குப் பின்னாடி ஒயரு லூசா இருக்கா? பாத்தாச்சா. மாடியில? அதையும் பாத்தாச்சா. அடக் கடவுளே. நெட்டு லைனு ஜம்முன்னு இருக்குன்னு சொல்றீங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு மூஞ்சி சுண்டிப்போன பொம்பளய இப்பதான் பாக்குறீங்க, இல்ல?

உக்காருங்க, டீ போட்டுட்டேன். கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், உள்ள ரூம்ல எங்க வீட்டுக்காரர் மீட்டிங்ல இருக்கார். ரெண்டு பேரும் ஒரே துறைதான். அரசாங்க உத்தியோகம். ஆபீஸ்ல மேல்பூச்சு பேந்து ஒரு மேஜ மேல விழுந்துச்சு. நல்லவேள, அந்த மேஜக்காரர் வழக்கம்போல சீட்ல இல்ல. அதுலேர்ந்து கட்டடத்தப் பூட்டிட்டு எல்லாரையும் வீட்டுலேர்ந்தே வேல பாக்கச் சொல்லிட்டாங்க. அவருக்கு ரூம், எனக்கு சமையக்கட்டு. ஆமா, இந்த மேஜதான். காலையில காய் நறுக்குவேன், அப்புறம் தொடச்சிட்டு கம்ப்யூட்டர வச்சா ஆபீஸ்.

அதுல ஒரு பச்சப் புள்ளி இருக்குண்ணே. நாம சீட்ல இருக்கோம்ங்கிறதுக்கு அடையாளம். கொஞ்ச நேரம் கைய எடுத்தா மஞ்சளாயிடும். மஞ்சளானா போன் வந்துடும், எங்கம்மா போனீங்கன்னு. பாத்ரூம் போனேன்னு ஒரு ஆம்பள ஆபீசர்கிட்ட எத்தன தடவதான் சொல்றது? ஆபீஸ்ல இருந்தப்பவாவது படியிறங்கிப் போய் நாலு பேர்கிட்ட வாயாடிட்டு வருவேன். இங்க எந்திரிச்சா அடுப்பு, உக்காந்தா புள்ளி. நடுவுல மாமியார் கூப்பிடுவாங்க, மாத்திர எங்கன்னு. மூச்சு முட்டுதுண்ணே, நெசமாத்தான் சொல்றேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் பதவி உயர்வுக் கலந்தாய்வு. நானும் ஆபீசராகுறதுக்கு. முன்னாடியெல்லாம் தலைமை ஆபீஸ் ஹால்ல எங்கள உக்கார வச்சு, சீனியாரிட்டிப்படி ஒவ்வொருத்தரா மேடைக்குக் கூப்பிடுவாங்க. இப்ப அதுவும் இந்தக் கம்ப்யூட்டர் மீட்டிங்லயே நடக்குது. மூணு தடவ பேரு கூப்பிடுவாங்க. சம்மதம்னு வாயால சொல்லணும். சொல்லலேன்னா வேணாம்னு விட்டுக்குடுத்ததாப் போட்டுடுவாங்க. அப்புறம் மூணு வருஷத்துக்கு நம்ம பேரையே எடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள எனக்குப் பின்னாடி வந்ததுங்க எல்லாம் எனக்கே ஆபீசரா வந்து உக்காந்துடும்.

ஆபீசராக்கிப் போடுற ஊரு தூரந்தான். தினம் போய்ட்டு வர முடியாது, அங்கயே தங்கணும். யாரக் கேட்டாலும் ஐயோ பாவம்னாங்க. நானும் மூஞ்சிய பாவமாத்தான் வச்சுக்கிட்டேன். ஆனா உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, உள்ளுக்குள்ள எனக்கு ஒரே குஷிண்ணே. நானே பூட்டி நானே தொறக்கிற ஒரு கதவு. நெனச்சா சமைக்கலாம், நெனச்சா பன்னும் டீயும் சாப்பிட்டுப் படுத்துக்கலாம். அந்த ஊர்ல யாரையோ புடிச்சு ஒரு ஒத்த ரூம்கூடப் பேசி வச்சிட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு அந்த வீட்டம்மா சிரிச்சாங்க. இவர்கிட்டயும் சொன்னேன். உன் இஷ்டம்னார். பேப்பர்லேர்ந்து தல நிமிரல. அம்மாவ யாரு பாத்துப்பான்னு மட்டும் பேப்பர்கிட்டயே கேட்டுக்கிட்டார். நான் அந்த உன் இஷ்டத்த மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

அன்னிக்கு மீட்டிங்ல என் பேரு வந்துச்சு. பெரிய ஆபீசர் குரலக் கேட்டா எனக்குக் காலு தானா எந்திரிச்சிடும். இத்தன வருஷப் பழக்கம். சிரிக்காதீங்க, எங்க ஆளுங்க பாதிப்பேர் அப்படித்தான். எந்திரிச்சி நின்னு, கையக் கட்டிக்கிட்டு, சம்மதம் சார், போறேன் சார்னேன். மறுபடி என் பேரு. காது கேக்கல போலன்னு இன்னும் சத்தமாச் சொன்னேன். மூணாவது தடவ கத்தியே சொன்னேன், பக்கத்து வீட்டம்மா ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க.

நின்னுட்டதால எனக்கு அந்த மைக் பட்டன் தெரியல. அவங்களுக்கு என் மூஞ்சி தெரியல. வயிறு மட்டும் தெரிஞ்சிருக்கும். மத்த நாள்ல வாய் அசையிறதப் பாத்து, அம்மா உங்க மைக் ஆஃப்ல இருக்குன்னு பத்து பேரு சொல்லுவாங்க. வயித்தப் பாத்து யாரு என்னத்தச் சொல்லுவா? பதில் இல்ல, விட்டுக்குடுத்தாச்சுன்னு போட்டுக்கோங்கன்னு சார் சொன்னார். அது மட்டும் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. குனிஞ்சு பாக்குறேன், மைக் செவப்பு, மூடிக் கெடக்கு. அதத் தொறக்கப் போறதுக்குள்ள அடுத்தவர் சம்மதம் சொல்லிட்டார்.

அப்படியே இந்தத் தரையில உக்காந்துட்டேன். மீட்டிங் முடிஞ்சு இவர்தான் வெளிய வந்து தோளத் தட்டினார். நெட்டு சரியில்ல போல, நீ என்ன பண்ணுவேன்னார். உங்களுக்குக் கம்ப்ளெய்ன்ட் குடுத்ததும் அவர்தான். லைன்ல கோளாறுன்னு நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா, அத வச்சு நான் மனுப் போடலாம். என்னய மட்டும் மறுபடி கூப்பிடுவாங்க. அதுக்குத்தான் உங்கள மேலயும் கீழயும் அலைய விடுறேன்.

முடியாதா? ஆமா, இல்லாத பழுத எழுதினா உங்களத்தான் கேப்பாங்க. நியாயந்தான், நான் உங்களக் குத்தம் சொல்லல.

சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் மைக்கத் தொறந்து வச்சிட்டுத்தான் காத்திருந்தேன். சத்தியமா. எனக்கு முன்னாடி உள்ளவரக் கூப்பிடும்போது எனக்கு இருமல் வந்துச்சு, யாரும்மா இருமுறதுன்னு சார் கேட்டார். அப்ப தொறந்துதானே இருந்திருக்கு? நெட்டு மோசமா இருந்தா அது தானா செவப்பாகுமா? ஆகாதா. குரல் வெட்டி வெட்டிப் போகும், படம் நின்னுடும், பட்டன் மாறாது. ஓஹோ. யாராவது அமுக்கினாத்தானா. நான் அமுக்கலண்ணே, ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுல்ல நின்னேன்.

வேற யாரு அமுக்க முடியும்? மீட்டிங்க நடத்துறவரா. ம். அவரால மட்டுந்தானா. எனக்கும் அது தெரியும்ணே. வேற ஏதாவது வழியிருக்கும்னு நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

எங்க துறையிலயா? அது கம்ப்யூட்டர் பிரிவு வேல. ஆளுங்கள உள்ள விடுறது, மைக்கத் தொறக்கிறது, மூடுறது எல்லாம். உள்ள இருக்காரே, அவரு பாக்குற வேல.

டீயக் கீழ வைக்காதீங்க, ஆறிடும். இந்தச் சுவரு ரொம்ப மெல்லிசுண்ணே. அவர் நாற்காலிய நகத்துனா எனக்குக் கேக்கும். நான் கத்துனது மூணும் அவருக்குக் கம்ப்யூட்டர்ல கேட்டிருக்காது, சுவத்துல கேட்டிருக்கும்.

பெரிய ஆபீசர்கிட்ட போய்ச் சொல்லலாம்தான். சொன்னா அவர் வேலையே போயிடும். போனா பகல் பூரா வீட்லதான் இருப்பார். நானும் இதே வீட்லதானே இருக்கணும்? அதுக்கு லைன்ல கோளாறுன்னே இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன்.

எழுதித் தர்றீங்களா? நெசமாவா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்ணே. இந்தாங்க பேனா. இன்னிக்கே மனுவ அனுப்பிடுறேன், அடுத்த வாரமே கூப்பிட்டுடுவாங்க.

அப்பவா? அப்பவும் அவர்தாண்ணே நடத்துவார். அந்தப் பிரிவுல வேற ஆளு இல்ல.