வாயாடியின் கை

– வேணாம் சிஸ்டர், கைய எடுங்க. இனிமே என் பொண்ணு மேல ஊசி படவே கூடாது, சொல்லிட்டேன்.

– அம்மா, டிரிப்ஸ் ஏத்தியே ஆகணும். உடம்புல தண்ணியே இல்ல.

– காலையிலயும் இதத்தான் சொன்னாங்க. கைய மாத்திக் கைய மாத்திக் குத்தியும் ஒரு நரம்பும் கிடைக்கல. அவ கத்தின கத்த என்னால பார்த்துட்டு இருக்க முடியல. அதான் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

– வீட்டுலயும் வாந்தி பேதி நிக்கலையா?

– எங்க நின்னுச்சு! சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் சத்தமில்லாம படுத்துட்டா. சரி, தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்னு நெனச்சேன். அவங்க அப்பாதான் தொட்டுப் பார்த்துட்டு, கை காலெல்லாம் சில்லுனு இருக்குன்னு அலறிட்டாரு. வெளிய வண்டிய நிறுத்திட்டு வந்துருவாரு இப்ப.

– டாக்டர் வந்துட்டே இருக்காரு. அதுக்குள்ள டிரிப்ஸ் ஏத்த நரம்புல லைன் போட்டாகணும். அதுக்குத்தான் இந்த மிஷின்.

– இது வயித்துப் பிள்ளைய பார்க்கிற ஸ்கேன்தானே? இவளுக்கு எதுக்கு?

– அதேதான். வயித்துல வைக்கிறத கையில வைக்கிறேன். குருட்டாம்போக்குல குத்த மாட்டேன், சரியா? திரையில பாருங்க, கறுப்பா ரெண்டு வட்டம் தெரியுதா?

– ஒண்ணு துடிக்குதே!

– அது இதயத்துலேருந்து ரத்தம் வர்ற குழாய், அத தொடக்கூடாது. லேசா அமுக்கினதும் இன்னொண்ணு சப்பையாகுது பாருங்க, அந்த நரம்புதான் நமக்கு வேணும்.

– ஐயோ, எம்மாத்துண்டு இருக்கு... தவறிடுச்சுன்னா?

– எனக்கும் பயமாத்தான் இருக்கு. கை ஆடாம பிடிங்க. பயந்த கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

– பிடிச்சுட்டேன். வாயாடி, கண்ண மூடிக்கோடி. அம்மா இங்கதான் இருக்கேன்.

– ஊசி முனை தெரியுது... வெள்ளைப் புள்ளி... வா, வா, வா. உள்ள போயிடுச்சு! ரத்தம் வருது.

– நெசமாவா? ஒரே குத்துல! அவ அழவே இல்ல பாருங்க! உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் சிஸ்டர்.

– அம்மா, ஒரு நிமிஷம்...

– கையக்கூட இழுக்கல, எவ்வளவு சமத்து...

– அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. காலையில கத்தினாளே, அப்ப கத்தத் தெம்பு இருந்துச்சு. இப்ப குத்தினதே அவளுக்குத் தெரியல.

– என்ன சொல்றீங்க?

– கூப்பிடுங்க. வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி. நான் சலைன் தண்ணிய சிரிஞ்சுல வேகமா தள்ளிக்கிட்டே இருக்கேன்.

– வாயாடி! ஏய், வாயாடி! நாள் பூரா தொணதொணப்பியேடி! இனிமே வாய மூடுன்னு அம்மா சொல்லவே மாட்டேன்டி. சிஸ்டர், கண்ணு சொருகுது! எனக்குப் பயமா இருக்கு!

– நிறுத்தாதீங்க, கூப்பிடுங்க. அடுத்த சிரிஞ்சு போகுது.

– அப்பா இப்ப வந்துருவாருடி, கண்ணத் தொற! நீ தூங்கறேன்னு நெனச்சு விட்டுட்டேனே, பாவி நான்! வாயாடி! எதாச்சும் பேசுடி!

– இதோ, இன்னொண்ணும் போயிடுச்சு. கன்னத்தத் தட்டுங்க.

– சிஸ்டர், உதடு அசையுது!

– ம்மா...

– சொல்லுடி, சொல்லு!

– கை வலிக்குது... எடுக்கச் சொல்லு...

– அப்பாடா! அம்மா, இது போதாது. அந்தக் கையிலயும் ஒரு லைன் வேணும். இப்ப முழிச்சுட்டா, கத்துவா. பார்க்க முடியலன்னா வெளிய நில்லுங்க.

– நான் எங்கயும் போகல. இந்தாங்க, கைய கெட்டியா பிடிச்சுட்டேன். குத்துங்க சிஸ்டர். நீ கத்துடி என் தங்கமே, ஆஸ்பத்திரிக்கே கேட்கட்டும்!