சாட்சி சொன்ன பூட்டன்

குறொன்லாண்ட் நிலையத்தில் மெட்ரோ ஏறிய இரண்டு சகோதரிகள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை திடீரென்று கத்தினாள்.

"அக்கா, செத்தது பூட்டன் இல்லை!"

நான் தமிழன் என்று காட்டிக்கொள்ளாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மெல்லக் கதை. மட்டக்களப்பிலை பழைய மரண விசாரணைப் பதிவிலை அவரின்ரை பேர் கிடக்கெண்டு மாமாதானே சொன்னவர்?"

"ஓம், பேர் கிடக்கு. ஆனா அவர் சாட்சி சொன்னவர். மாமா இப்பதான் முழுத்தாளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கேள்: 'நான் தோணிக்காரன். வாவியில் மூழ்கி இறந்தவன் என் தம்பி.'"

"பூட்டனுக்குத் தம்பியோ? அந்தப் பக்கம் எங்களுக்கு ஒருத்தரும் இல்லையெண்டுதானே அப்பா சொல்லுறவர்!"

"இன்னும் கேள். 'அவனுக்கு ஒரு பெண் குழந்தை. பெயர் வள்ளியம்மை. தாயுடன் மூதூரில் இருக்கிறது.'"

அக்கா கைபேசியைப் பறித்து, அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு தகப்பனை அழைத்தாள்.

"அப்பா, மூதூரிலை உங்களுக்கு ஒரு மாமி இருந்திருக்கிறா! உங்கடை அப்பாவின்ரை சித்தப்பா மகள். பேர் வள்ளியம்மை."

மறுமுனையிலிருந்து அந்த மனிதரின் குரல் என் இருக்கை வரை கேட்டது.

"அவவுக்குப் பிள்ளையள் இருந்தா, எனக்கு மச்சான்மாரெல்லோ!"