பேனா அவள் கையில்தான் இருந்தது

நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் மேசைக்காகத்தான் நான் எழுத்து வழிகாட்டி ஆனேன் என்று என் வகுப்புத் தோழன் ஜெயக்குமார் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த மேசையில் இருக்கும் ‘குமரகுரு, சக மாணவ எழுத்து வழிகாட்டி’ என்ற பெயர்ப்பலகை. துடைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, அதை ஏனாத்தூர்க் கல்லூரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்கே எடுத்துப்போயிருக்கிறேன், மேடம். அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்துவந்து பார்த்தார். அம்மா பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாளைக் கூப்பிட்டு, “எங்க குமரு இப்பவே வாத்தியார் ஆயிட்டான்க்கா. பசங்கள்லாம் வந்து கேட்டுக்கினு போவுதுங்களாம்” என்றாள். அதுவரை ஒருவர்கூட வந்திருக்கவில்லை.

துறைத் தலைவர் என்ற முறையில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. முதலாண்டுப் பிள்ளைகளின் கட்டுரைகள் எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கின்றன, எல்லாமே ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்குகின்றன, நீதான் எழுதிக்கொடுத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை, மேடம். மாணவர் கையில் இருக்கும் பேனாவைத் தொடாதே, திருத்தாதே, பாராட்டாதே, கேள்வி மட்டும் கேள் என்று பயிற்சியில் சொன்னீர்கள். அதை நான் மீறியதே இல்லை. தவிர, பிறருக்கு எழுதிக்கொடுக்கும் அளவுக்கு எனக்கு எழுத வராது. ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்காத கட்டுரை ஒன்றை நான் எழுதிய ஞாபகம் இல்லை.

விதியை மீறியவன் என்ற பெயர் எனக்கு வரக் கூடாது. அதனால் நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சுகாசினி விஷயம்.

முசரவாக்கத்திலிருந்து வரும் முதலாண்டுப் பெண். அடுத்த ஆண்டு வழிகாட்டி இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். இடம் ஒன்றுதான். முதுகலையில் சேர்ந்து அதே மேசையில் தொடரலாம் என்று நானும் விண்ணப்பித்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது, அவள் கேட்கவில்லை. தேர்வுக் குழுவுக்கு ஒரு கட்டுரை தர வேண்டும். அதைக் காட்டத்தான் வந்தாள். கல்லூரியில் வேறு வழிகாட்டி கிடையாதே.

கட்டுரை அவளுடைய அம்மாவைப் பற்றியது. பட்டுக் கடையில் புடவை மடிப்பது அம்மாவின் வேலை. ‘ஒரு புடவை விற்க ஐம்பது புடவை விரிக்க வேண்டும். விற்றதை முதலாளி சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுப்பார். விற்காததையெல்லாம் அம்மா மடிப்பாள். தூக்கத்திலும் அவள் கை போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து மடிக்கும்’ என்று எழுதியிருந்தாள்.

தலைக்கு மேலே மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு எழுத வராதே தவிர, யாருக்கு வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

“நல்லா இருக்குதாண்ணா?”

பாராட்டக் கூடாது என்பது விதி. அதனால் கேட்டேன்: “இந்தத் தூக்கத்துல மடிக்கிற வரி இல்லைன்னா, கட்டுரைக்கு இன்னாமா குறைஞ்சிடும்?”

நீங்கள் சொல்லிக்கொடுத்த கேள்விதான். அதைப் பற்றி நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். மோசமான வரிக்கு எப்போதும் ஒரு காரணம் சொல்ல முடியும். நல்ல வரிக்கு முடியாது. அவள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். “ஒண்ணும் குறையாதுண்ணா” என்று அவளே கோடு போட்டு அடித்தாள்.

மறுநாள், “குழுவுல இருக்குறவங்களும் பட்டுக் கடைக்குப் போறவங்கதானேமா? விரிச்சுப் போட்டுட்டுப் போறீங்கன்னு அவங்களையே குத்திக் காட்டுற மாதிரி இருக்குதே?” என்றேன். பதறிப்போனாள். கட்டுரையிலிருந்து கடை போயிற்று. பிறகு ஒரு நாள், “உங்க அம்மாகிட்ட கேட்டியா, இதெல்லாம் ஊருக்குத் தெரியணுமான்னு?” என்றேன். அம்மாவும் போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் பேனா அவள் கையில்தான் இருந்தது. ‘இன்றைய நவீன உலகில் தாயின் தியாகம் அளப்பரியது’ என்ற ஒன்று மிஞ்சியது. நானே எழுதியதுபோல் இருந்தது. குழு அதைத் தள்ளிவிட்டு என்னை எடுத்தது. என் கட்டுரை அதைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த மாதிரி எழுதுவதில் எனக்கு அனுபவம் அதிகம்.

ஜெயக்குமார்தான் பிடித்துக்கொண்டான். “இன்னாபா, அந்தப் பொண்ணு பஸ்ல நின்னுக்கினே எதனா எழுதிக்கினு வரும். இப்ப சும்மா ஜன்னலப் பாத்துக்கினு வருது. இன்னா சொன்ன நீ?”

“எதுவும் சொல்லலடா. கேட்டேன், அவ்ளோதான்.”

“வாத்யாரே, உன்கிட்ட யாராவது வழி கேட்டா வூட்டுக்கே போய் சேரமாட்டாங்கபா” என்று போய்விட்டான்.

அந்தக் கேள்விகளைத் தெரிந்தேதான் கேட்டேன், மேடம். அந்த நாற்காலியை அவள் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்டேன். மற்றப் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டதற்குக் காரணம் கிடையாது. கை பழகிவிட்டது. அதற்குப் பிறகு சுகாசினி விடுப்புக் கடிதம் எழுதினாலும் என்னிடம் காட்டாமல் கொடுப்பதில்லை. மேசைக்கு முன்னால் இப்போது வரிசை நிற்கிறது.

நேற்று அவளையும் கூப்பிட்டு, நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்களாம். இன்று காலை நூலகத்துக்கு வந்தாள். ‘அண்ணன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் அம்மாவிடமிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்’ என்று தொடங்கியிருந்தாள். இன்னும் அவளிடம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. “நானே எழுதிட்டேன். சரியா இருக்குதான்னு பாருங்கண்ணா” என்றாள். என்னைப் பற்றிய புகாரை என்னிடமே காட்டுகிறாள், அவ்வளவு நம்பிக்கை.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “அம்மாவை எதுக்குமா இதுல இழுக்கணும்?”

இப்போது உங்கள் கையில் இருக்கும் தாளில் ‘அண்ணன் எனக்கு உதவி செய்தார்’ என்ற ஒரு வரி மட்டும் இருப்பது அதனால்தான். கொடுக்கப் போகும்போது எனக்கு நன்றிகூடச் சொன்னாள். என்னை அந்த மேசையிலிருந்து எடுத்துவிடலாம், எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு எழுத யார் இருக்கிறார்கள், மேடம்?